தப்பட்டைக்கு எதிரே நின்றவர்

மகள் வீட்டில் கலர் டிவி வந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் ரக்பி ஆட்டம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அது பந்தா பறங்கிக்காயா என்றே எனக்குப் புரியவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்னால் நியூசிலாந்துக்காரர்கள் வரிசையாக நின்று, தொடையைத் தட்டி, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, எதிரணியைப் பார்த்து ஒன்று ஆடினார்கள் பாருங்கள், நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். எதிரே நின்றவர்களில் ஒருவன் இளித்தான். ஒருவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான்.

"இதையெல்லாம் எதுக்கு மாமா நின்னு பாக்கணும்? முதுகைக் காட்டிட்டு அவங்கவங்க வேலையைப் பாத்தா திமிர் தன்னால அடங்கும்" என்றார் மருமகன்.

எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கோபத்துக்கு எப்போதும் நேரம் காலம் கிடையாது. "எங்க கேப்டனைத் தெரிஞ்சிருந்தா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மகள் காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். பிறகு ஆறிப்போனதும் குடித்தேன்.

அந்தக் கேப்டனைத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பெற்ற தாயே "கேப்டன் துன்னாச்சா?" என்றுதான் கேட்பாள். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்கார சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் உதைத்துக்கொண்டிருந்த பந்து மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. கன்டோன்மென்ட் என்கிற தண்டுப் பகுதியில் தெருவுக்கு ஒரு புட்பால் டீம். பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடுவோம். கேப்டன் ஃபுல் பேக், நான் லெஃப்ட் அவுட். பகலில் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டர்கள்.

ஆள் பார்க்க ஒன்றும் பெரிய வீரர் இல்லை. நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. மேலுதட்டில் ஒரு வெட்டுக்காயம், அதை மறைக்கத் தவறிய ஒரு மீசை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு விசேஷம். ஒருவன் ஒரு காரியத்தைத் தொடங்கும் முன்னால் கண்ணை மூடினாலோ, கை கூப்பினாலோ, எதையாவது தொட்டு ஒற்றிக்கொண்டாலோ, கேப்டன் இருந்த இடத்தில் நின்றுவிடுவார். அது முடியும் வரை அசைய மாட்டார், பேச மாட்டார், வேறு பக்கம் பார்க்கவும் மாட்டார். அவசரப்படுத்தினால் ஒரே பதில்: "ஸ்வல்ப இரு, முடியட்டும்." அந்த 'ஸ்வல்ப' கன்னடம். கொஞ்சம் என்று தமிழில் சொன்னால் நாங்கள் கேட்க மாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ.

காலையில் முதல் பஸ் டிரைவர் ஸ்டியரிங் முன்னால் கற்பூரம் காட்டுவார். ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று பஸ்ஸே முணுமுணுக்கும். கேப்டன் மட்டும் படியில் ஒரு காலை வைத்தபடி, கற்பூரம் அணைந்த பிறகுதான் மறுகாலை எடுத்து வைப்பார். சலூன்காரர் கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முகமெல்லாம் சோப்பு நுரையோடு கேப்டன் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஃபோர்மன் பிரேசர் டவுன் கிறிஸ்தவர். மத்தியானம் டிபன் பெட்டியைத் திறந்து வைத்து நீளமாக ஜெபம் செய்வார். எதிர் பெஞ்சில் கேப்டன் சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார். ஃபோர்மன் ஒரு நாள் ஒரு கண்ணைத் திறந்து இதைப் பார்த்துவிட்டார். அன்று முதல் ஜெபம் பாதியாகக் குறைந்தது. பசியோடு ஒருத்தனை உட்கார வைத்துவிட்டு என்ன பெரிய ஜெபம் என்று எங்களிடம் அங்கலாய்த்தார்.

சொல்வதற்கு நன்றாக இருக்கிறது, கூட இருந்தவர்களைக் கேளுங்கள். கோலார் தங்கவயலுக்கு ஆடப் போகிறோம். ரயிலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு சாவு ஊர்வலம். பின்னாலேயே நிறுத்தி நிறுத்தித் தேவாரம் பாடுகிறார்கள். கேப்டன் நின்றுவிட்டார். கேப்டன் நின்றால் டீம் நிற்க வேண்டும். ரயில் போய்விட்டது. வெங்காய லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் வரவே எதிரணி யோசித்தது. அதனால்தானோ என்னவோ ஜெயித்தோம். "பாத்தியா, நின்னதுக்கு ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். எனக்கு அவரை லாரிக்கு அடியில் தள்ளலாமா என்றிருந்தது.

இவ்வளவுக்கும் அவர் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கேட்டேவிட்டேன். "நீ சாமி கும்பிடறதே இல்ல. அடுத்தவன் கும்பிடறதுக்கு இன்னாத்துக்குக் காவல் நிக்கிற?"

"அவனுக்கு உள்ள பயம் இருக்குதுப்பா. அதை மூடி வைக்காம நம்ம எதிர்லயே எடுத்து வெக்கிறான். அந்த நேரத்துல நாம வேற பக்கம் பாத்தா, அது மனுசத்தனமா?"

எனக்கு அப்போது புரியவில்லை. பயப்படுகிறவனை அடித்து ஜெயிப்பதுதானே சுலபம் என்று நினைத்தேன்.

இனி நீலசந்திராப் பேட்டை டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த டீம் ஆட்டத்துக்கு முன்னால் ஆடும் ஆட்டம் ஊரே அறிந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் தப்பட்டையை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி அடிக்கத் தொடங்குவார். பதினோரு பேரும் வரிசைகட்டி, தொடையைத் தட்டி, மண்ணை மிதித்து, "ஹேய்" என்ற சத்தத்தோடு நடுக்கோடு வரை எதிரணியை நோக்கி வருவார்கள். கடைசியில் அவர்களுடைய கோல் கீப்பர் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை நடுக்கோட்டில் வைத்து, தெய்வத்தை வேண்டி, இடது காலால் நசுக்குவான். அதோடு முடிந்தது. அப்புறம்தான் பந்து.

இதற்கு ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு விதம். ஒரு காலேஜ் டீம் முதுகைக் காட்டிக்கொண்டு கைகால் உதறியது. பட்டாளத்து டீம் சிகரெட் பிடித்தது. ஒரு மில் டீம் போட்டிக்கு பேண்டு வாத்தியமே கொண்டுவந்துவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்று ஜனம் கேட்டுச் சிரித்தது. நாங்கள் மட்டும் வரிசையாக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் எடுக்காமல் பார்ப்போம். முடிந்ததும் கேப்டன், "ஆச்சா மாப்பிள்ளை?" என்பார். அந்தக் கோல் கீப்பர், "ஆச்சு மச்சான்" என்பான்.

முறை வைத்துக் கூப்பிடுவது வெறும் பேச்சுக்கு இல்லை. அந்தக் கோல் கீப்பர் தனபால்தான் கேப்டனின் ஒரே தங்கை சரோஜாவைக் கட்டியவன். கல்யாணத்துக்கு இரண்டு டீமும் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எல்லாவற்றையும் கெடுத்தவன் எங்கள் ரைட் அவுட் மாணிக்கம். கெட்டவன் இல்லை, குறும்புக்காரன். காலில் எது பட்டாலும் உதைப்பான், சந்தையில் தக்காளியைக்கூட. ஒரு ஆட்டத்தில் தனபால் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தான். மாணிக்கம் ஓடிப்போய் அதை ஓங்கி ஓர் உதை விட்டான். கேப்டன் கையை நீட்டுவதற்குள் பழம் தனபாலின் நெஞ்சில் பட்டுச் சிதறிவிட்டது. மாணிக்கம் "கோல்!" என்று கத்தினான்.

அப்புறம் என்ன, ரணகளம்தான். கோல் கம்பத்து மூங்கிலைப் பிடுங்கினார்கள். எனக்கும் மண்டையில் ஒன்று விழுந்தது. இரண்டு டீமையும் அந்த வருஷம் முழுக்க ஆடக்கூடாதென்று ஒதுக்கிவிட்டார்கள்.

அது போகட்டும். நீலசந்திராவில் தனபாலின் அம்மா, "சாமிக்கு வெச்சதை உதைச்ச ஊட்டுக்கு இனிமே என் மருமக போவக் கூடாது. அந்த ஊட்டு ஆளும் இந்த வாசல மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். தனபாலும் அம்மாவைத் தடுக்கவில்லை. நெஞ்சில் பட்டது அவனுக்குத்தானே.

கேப்டன் ஒவ்வொரு வாரமும் சம்பள நாளன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு நீலசந்திரா போவார். அந்த வீட்டுக்கு எதிரே நிற்பார். கதவு திறக்காது. ஒரு தடவை மாணிக்கத்தையும் இழுத்துப்போனார். அவன் மூடிய கதவைப் பார்த்து, "அம்மா, தப்புதான்மா, மன்னிச்சிருங்கம்மா" என்று கதறினான். உள்ளேயிருந்து பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு தடவை ஜன்னலில் சரோஜாவின் கை தெரிந்தது என்றார். வளையலை வைத்துக் கண்டுபிடித்தாராம்.

அடுத்த சீசன் வந்தபோது சரோஜா முழுகாமல் இருக்கிற செய்தியைப் பூக்காரி வந்து சொன்னாள். ஏழாம் மாதம் நெருங்கிவிட்டது. வளைகாப்புப் பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கேப்டனின் அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். "மொதப் பிரசவம்டா. வலி வந்தா அவ யாரைக் கூப்பிடுவா? நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே." கேப்டன் மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கும் நீலசந்திராவுக்கும் அரையிறுதி ஆட்டம் விழுந்தது. மறுபடி தகராறு நடந்தால் இரண்டு டீமுக்கும் நிரந்தரமாகச் சீட்டுக் கிழியும் என்று எச்சரித்திருந்தார்கள். டீக்கடையில் கூடிப் பேசினோம். அவர்கள் ஆடும்போது நாம் மைதானத்துக்குள்ளேயே போகாமல் இருந்துவிடலாம் என்றான் ஒருவன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்றான் இன்னொருவன். மாணிக்கம் தான் வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னான்.

"யாரும் வீட்ல இருக்க வேணாம். எப்பவும் போல நிப்போம்" என்றார் கேப்டன்.

"நின்னு இன்னா ஆவப்போவுது? நின்னா உன் தங்கச்சி வந்துடுவாளா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் டீயை உறிஞ்சினார். "வர மாட்டா. அதுக்காக நிக்காம இருக்க முடியுமா?" என்றார்.

அலசூர் ஏரிக்குப் பக்கத்து மைதானம். காலையிலிருந்து பிசுபிசுவென்று தூறல். ஜனம் குடையோடும் கோணிப்பையோடும் நின்றது. நீலசந்திராப் பெரியவர் தப்பட்டையை அடித்தார். தொப் தொப் என்றது. ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. நெருப்பு மூட்டிப் பார்த்தார்கள், நனைந்த சுள்ளி புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. ஜனம் சிரித்தது. "அடுப்புல போடு தாத்தா!" என்று யாரோ கத்தினார்கள். பதினோரு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்கள். தப்பட்டை இல்லாமல் உள்ளே வர அவர்களுக்குக் கால் வரவில்லை.

ரெஃப்ரி பட்டாளத்தில் இருந்தவர், கறார் பேர்வழி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி! இப்ப உள்ள வராத டீம் தோத்த டீம்" என்று அறிவித்துவிட்டார்.

எங்களுக்கு வாயெல்லாம் பல். பந்தைத் தொடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போகப்போகிறோம்! நான் துள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டப் போனேன். கேப்டன் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். "ஸ்வல்ப இரு."

"இன்னும் இன்னாயா? அவனுங்க ஆரம்பிக்கவே இல்லையே!"

"அதான் சொல்றேன், இரு" என்றவர், மைதானத்து ஓரத்தில் இருந்த கடலை வண்டியிடம் போனார். வறுகடலைக் குவியலின் மேல் சூட்டுக்காக ஒரு மண்சட்டியில் தணல் வைத்திருப்பார்கள் இல்லையா, அதைக் கேட்டார். கடலைக்காரன் என்ன நினைத்தானோ, கொடுத்துவிட்டான். கேப்டன் ஜெர்சியைக் கழற்றிச் சட்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தூறல் தணலில் விழாதபடி வெற்று முதுகை வளைத்துக்கொண்டு மைதானத்துக்குக் குறுக்கே நடந்தார். திடீரென்று மாணிக்கம் ஒருவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கேப்டன் தலைக்குக் குடை பிடிக்கவில்லை, சட்டிக்கு மட்டும் பிடித்துக்கொண்டே போனான்.

ரெஃப்ரி வழியை மறித்தார். "உன் டீம் எங்க மேன்? உள்ள வரச் சொல்லு, மேட்ச் உங்களுக்குத்தான்."

"எங்க டீமும் ரெடி இல்ல சார்."

நான் ரெடிதான் என்று இங்கிருந்து கத்த நினைத்தேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். ரெஃப்ரி இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு டீமும் கோட்டுக்கு வெளியே. யாரை ஜெயித்தவன் என்று சொல்வார்? விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கேப்டன் சட்டியைப் பெரியவர் முன்னால் வைத்தார். "காய வைங்க. நாங்க நிக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். தனபாலைப் பார்க்கவில்லை, தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்து எங்கள் வரிசையில் நின்றார். ஜட்கா வண்டி ஸ்டாண்டிலிருந்து யாரோ ஒரு பிடி வைக்கோல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தணல் பற்றியது. பெரியவர் தப்பட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்து, ஓங்கி ஒன்று அடித்தார். ஏரிக்கரை மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன.

அன்றைக்கு அவர்கள் ஆடினார்கள் பாருங்கள்! சேறு எங்கள் முகத்தில் தெறித்தது. எனக்குப் பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. தனபால் எலுமிச்சம்பழத்தை நடுக்கோட்டில் வைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மாணிக்கத்தையே பார்த்தான். மைதானம் முழுக்க மாணிக்கத்தைப் பார்த்தது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால் கட்டைவிரலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. தூறல் என்றுதான் பிறகு சொன்னான். தனபால் மெதுவாகக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பழத்தை நசுக்கினான்.

"ஆச்சா மாப்பிள்ளை?" என்றார் கேப்டன்.

தனபால் நசுங்கிய பழத்திலிருந்து காலை எடுத்தான். "ஆச்சு மச்சான்" என்றான்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒரே ஒரு கோல். நான் கணுக்கால் துணியை அவிழ்த்துக் கேப்டன் மேலேயே விட்டெறிந்தேன். "சும்மா கெடைச்ச மேட்சை நெருப்புச் சட்டியில வெச்சுக் குடுத்துட்டியே, நல்லாருப்பியா?" என்று கத்தினேன். அவர் கையில் தணல் சுட்ட இடத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தனபால் வந்தான். கையில் அந்த மண்சட்டி. கழுவித் துடைத்திருந்தான். கேப்டனிடம் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னான்: "ஞாயித்துக்கெழமை நாள் நல்லா இருக்குதாம். வளைகாப்பு வெச்சுடலாம். அத்தையைக் கூட்டினு வாங்க மச்சான். எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்." சட்டியை வாங்கிக்கொண்டு கேப்டன் தலையை மட்டும் ஆட்டினார். நான் எறிந்த துணியை நானே போய்ப் பொறுக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு ஜட்காக்களில் பெண்கள், பின்னால் சைக்கிளில் நாங்கள் டீம் முழுக்க. தட்டுத் தட்டாக வளையல், பூ, பழம், புளிச்சோறு. நீலசந்திராத் தெருமுனையில் இறங்கினோம். தெரு நடுவில் அவர்கள் வரிசைகட்டி நின்றார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பெரியவர் தப்பட்டையை ஓங்கினார். எங்களை வரவேற்கத்தான் ஆடினார்கள், ஆனால் அதே தொடைத் தட்டல், அதே "ஹேய்". நாங்கள் பழக்கதோஷத்தில் தட்டுகளைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வரிசையாக நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். "ஏண்டா மரமாட்டம் நிக்கிறீங்க, போங்கடா உள்ள!" என்று கேப்டனின் அம்மா தவித்தாள். நடுவில் நின்ற கேப்டன், "ஸ்வல்ப இரும்மா, முடியட்டும்" என்றார்.

ஆட்டம் பாதிதான் ஆகியிருக்கும். அந்த வீட்டுக் கதவு திறந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சரோஜா வாசலுக்கு வந்தாள். மேடிட்ட வயிறு, வெளுத்த முகம். எங்கள் வரிசையை ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கேப்டனைக் கண்டதும், "அண்ணா" என்றாள். தப்பட்டைச் சத்தத்தில் அது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கேப்டன் வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினார். மைதானத்தில்கூட அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் புகுந்து, இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். நான் சும்மா இருப்பேனா? "கேப்டன்! ஸ்வல்ப இரு! இன்னும் முடியல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தனபால் ஒரு நொடி திகைத்தான். பிறகு எங்கள் பக்கம் பார்த்துத் தொடையை ஓங்கித் தட்டினான். நாங்கள் பத்துப் பேரும் இருந்த இடத்திலேயே நின்று, முடியும் வரை பார்த்தோம்.